பதவியில் இருப்பவரும் மேடைக்கு வரட்டும்: ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியக் குழு உறுப்பினர்களுக்கும் விதிகள் குழுவினருக்கும்,

வணக்கம். நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழன் நான். உங்கள் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டவன்.

2023 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனில் ராபர்ட் கென்னடி ஜூனியர், அதிபர் ஜோ பைடனை எதிர்த்து உங்கள் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், நிற்கப்போவதாக அறிவித்தார். ஆறு மாதம்கூட அவர் அந்தக் களத்தில் இல்லை. அக்டோபர் 9 அன்று பிலடெல்ஃபியாவில், கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக நிற்பதாகச் சொல்லிவிட்டார். அந்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பற்றித்தான் இந்த மடல்.

அவருக்கு நான் வாக்களித்திருக்க மாட்டேன். தடுப்பூசிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பெற்றோர் மனத்தில் பயத்தை விதைத்தவர் அவர். கொரோனா கிருமி சில இனத்தாரைக் குறிவைத்தும் சில இனத்தாரை விட்டுவிட்டும் தாக்குவதுபோல் 2023 ஜூலையில் ஒரு விருந்தில் பேசியவர். அப்படிப்பட்டவர் கையில் அதிகாரம் போகக்கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவரை நீங்கள் எதிர்கொள்ளவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதனால் அவருக்கு ஆன இழப்பு குறைவு, நமக்கு ஆனது அதிகம்.

2023 பிப்ரவரியில் கூடி, பிரைமரி வரிசையில் நியூ ஹாம்ப்ஷயருக்கு இருந்த முதலிடத்தை எடுத்துத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தீர்கள். அங்கே நிறைந்திருக்கும் கருப்பின வாக்காளர்களுக்குக் கட்சி பட்டிருக்கும் கடனை நினைத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2020இல் தோல்வியின் விளிம்பில் நின்ற பைடனைத் தூக்கிவிட்ட மாநிலமும் அதுதான். அதிபருக்கே முழு ஆதரவு என்று அறிவித்தீர்கள். ஒரு விவாதம்கூட நடத்தவில்லை. ஃபுளோரிடாவில் மாநிலக் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால், கென்னடி போன பிறகும் அங்கே பிரைமரியே நடக்கவில்லை. வட கரோலினாவிலும் வாக்குச்சீட்டில் பைடன் பெயர் மட்டும். 2019இல் குடியரசுக் கட்சி ட்ரம்ப்புக்காகத் தென் கரோலினா, நெவாடா, கான்சஸ், அரிசோனா மாநிலங்களில் பிரைமரியை ரத்து செய்தது. அவர்கள் செய்தபோது தவறாகத் தெரிந்தது, நாம் செய்யும்போது எப்படிச் சரியாகும்?

பதவியில் இருக்கும் அதிபரை அவரது கட்சிக்குள்ளேயே எதிர்த்து நிற்பதற்குப் பெரும் பணம் வேண்டும், அல்லது பெரிய பெயர் வேண்டும். அதனால்தான் அப்படி நிற்பவர்களில் கென்னடிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 1968 மார்ச்சில், செனட்டர் யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயரில் 42 விழுக்காடு வாங்கி அதிபர் லிண்டன் ஜான்சனை உலுக்கிய நான்காம் நாள், அப்பா ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கினார். 1979 நவம்பரில் சித்தப்பா டெட் கென்னடி, அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்தார். 2023இல் மகன். பரம்பரைப் பெயர் ஒருவரைத் தகுதி இல்லாமலே மேடை வரை கொண்டுவந்து விடும் என்ற உங்கள் கவலை புரிகிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயரின் பளபளப்பு எங்கே கழன்று விழும் என்பதை 1980 நமக்குக் காட்டியிருக்கிறது. அந்தத் தேர்தலை உங்கள் கட்சியில் பலர் கெட்ட கனவாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன்.

1979 கோடையில் பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 1980இல் பணவீக்கம் 13 விழுக்காட்டைத் தாண்டியது. கருத்துக்கணிப்புகளில் கட்சி வாக்காளர்களிடையே டெட் கென்னடிக்குக் கார்ட்டரைவிட இரண்டு மடங்கு ஆதரவு. அவர் எதிர்த்ததற்குச் சொந்த ஆசை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார் அவர். படிப்படியாகப் பார்க்கலாம் என்றார் கார்ட்டர். 1978 டிசம்பரில் மெம்ஃபிஸில் நடந்த கட்சிக் கூட்டத்திலேயே அந்தப் பிளவு வெளிப்பட்டுவிட்டது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1979 நவம்பர் 4 இரவு, சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் ரோஜர் மட் டெட் கென்னடியிடம் எடுத்த நேர்காணல் ஒளிபரப்பானது. நீங்கள் ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். சுற்றி வளைக்காத சாதாரணக் கேள்வி. அண்ணன் ஒருவர் அதிபராக இருந்து கொல்லப்பட்டவர், இன்னோர் அண்ணன் அதிபர் வேட்பாளராக நின்று கொல்லப்பட்டவர். நாடே எதிர்பார்த்த வாரிசு. அவரிடம் நேரான பதில் இல்லை. தடுமாறினார், எங்கெங்கோ போனார். 1969இல் சாப்பாகுவிடிக் தீவில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து நீரில் விழுந்து, உடன் வந்த மேரி ஜோ கோபெக்னி இறந்த விவகாரமும் அதே நேர்காணலில் கிளறப்பட்டது. மூன்று நாள் கழித்து ஃபேன்யல் ஹாலில் அவர் முறைப்படி அறிவிப்புச் செய்யும்போதே பெயர் தந்த முன்னிலை கரையத் தொடங்கியிருந்தது. நேர்காணல் ஒளிபரப்பான அதே நாளில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதால், நாடு அதிபர் பின்னால் திரண்டதும் ஒரு காரணம். 1980 ஜனவரி 21 அன்று அயோவாவில் கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்வு செய்யும் காக்கஸில் கார்ட்டர் 59 விழுக்காடு, கென்னடி 31.

வாக்காளர்கள் அந்தப் பெயரைப் பார்த்து மயங்கிவிடவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, பதில் சரியில்லை, தள்ளிவிட்டார்கள். அதே வாக்காளர்களே பிறகு, கென்னடி தன் கொள்கையைத் தெளிவாகப் பேசத் தொடங்கியதும், திரும்பிப் பார்த்தார்கள். மாசசூசெட்ஸ், நியூ யார்க், பென்சில்வேனியா. ஜூன் 3 அன்று எட்டு மாநிலங்கள் வாக்களித்ததில் ஐந்து அவருக்கு. கலிஃபோர்னியாவோடு எங்கள் நியூ ஜெர்சியும் அதில் ஒன்று. அன்றைக்கு ஜூன் மாதத்திலும் எங்கள் வாக்குக்கு ஒரு பொருள் இருந்தது. 2024 ஜூன் 4 அன்று நாங்கள் வாக்களித்தபோது எல்லாம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

கார்ட்டர் செய்ததையும் சொல்ல வேண்டும். அயோவாவில் கென்னடியோடு விவாதம் செய்ய ஒப்புக்கொண்டவர், ஈரான் பணயக்கைதிகள் நெருக்கடியைக் காரணம் காட்டி விலகினார். கடைசிவரை அவரோடு ஒரு மேடையில் விவாதிக்கவே இல்லை. வெள்ளை மாளிகைத் தோட்டத்துக்குள் இருந்தபடியே பிரைமரியை வென்றார். ஆனால் விலைவாசி, மருத்துவச் செலவு, வேலை பற்றி அவர் சொந்தக் கட்சிக்காரனிடம் பதில் சொல்லிப் பழகியிருக்க வேண்டிய மாதங்கள் அப்படியே கழிந்தன. அக்டோபர் கடைசியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகன் நேருக்கு நேர் நின்று, நான்கு ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டபோது அதுதான் வெளியே தெரிந்தது.

டெட் கென்னடியின் மேலும் எனக்குக் குறை உண்டு. ஜூன் 3 அன்றே கார்ட்டருக்குத் தேவையான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும், ஆகஸ்டில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கூடிய மாநாடு வரை இழுத்தார். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கக் கோரி விதியை மாற்றப் பார்த்தார். சுமார் 1,936க்கு 1,390 என்று தோற்றார். வாக்காளன் சொன்ன பிறகு அதை மாற்றப் பார்ப்பது எனக்கு ஏற்புடையதில்லை. வாக்காளன் வாய் திறக்குமுன்பே அதை அடைப்பதும் எனக்கு ஏற்புடையதில்லை. இரண்டும் ஒரே தவறின் இரண்டு முனைகள்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஜான்சன், ஃபோர்டு, கார்ட்டர், மூத்த புஷ்: கட்சிக்குள் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அதிபர்களின் பட்டியலை எடுத்துக்காட்டி, எவரும் மீண்டும் அதிபராகவில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஜான்சனை வியட்நாம் போர் வீழ்த்தியது. ஃபோர்டின் கழுத்தில், வாட்டர்கேட் ஊழலில் பதவி இழந்த நிக்சனுக்குத் தந்த மன்னிப்பு தொங்கியது. கார்ட்டரை விலைவாசியும் தெஹ்ரானில் 444 நாள் சிறைப்பட்டிருந்த 52 பேரும் வீழ்த்தினார்கள். காய்ச்சல் வந்த உடம்பைப் பார்த்துவிட்டு வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் இறங்கிவிடாது. 2024இல் அதைத்தான் செய்தோம்.

2023 ஆகஸ்டில் ஏபி செய்தி நிறுவனமும் நோர்க் ஆய்வு மையமும் நடத்திய கருத்துக்கணிப்பில், ஜனநாயகக் கட்சியினரிலேயே 69 விழுக்காட்டினர் இன்னொரு பதவிக்காலத்துக்குப் பைடனுக்கு வயது அதிகம் என்றார்கள். பிறகு டீன் பிலிப்ஸ் என்ற மின்னசோட்டா கீழவை உறுப்பினர் அதையே சொல்லிக்கொண்டு நின்றார். அவருக்குப் பெரிய பெயரும் இல்லை, மேடையும் இல்லை. இப்போது எண்ணிப் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஒரே ஒரு விவாதம் நடந்திருந்தால்? பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2019இல் தட்டம்மையில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குச் சில மாதங்கள் முன்பு அங்கே போய்த் தடுப்பூசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தீர்களே என்று கென்னடியிடம் கோடிக்கணக்கானோர் முன்னால் கேட்டிருக்கலாம். வலையொளிகளில் மணிக்கணக்காக யாரும் குறுக்கிடாமல் பேசிக்கொண்டிருந்தவர், அன்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பைடனின் நிலையும் 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் ட்ரம்ப்போடு நடந்த விவாதம் வரை காத்திருக்காமல் ஒன்பது மாதம் முன்பே நமக்குத் தெரிந்திருக்கும். அவர் சமாளித்திருந்தால் மகிழ்ச்சி. சமாளிக்காவிட்டால், ஒழுங்கான பிரைமரி நடத்த நேரம் இருந்திருக்கும்.

பெயரையும் ஆளையும் பிரித்துக்காட்டும் வேலையைக் கட்சி செய்யவில்லை. அவருடைய உடன்பிறந்தவர்கள் செய்தார்கள். அவர் சுயேச்சையாக அறிவித்த நாளிலேயே கேத்லீன், ஜோசஃப், கெர்ரி, ரோரி நால்வரும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள்: அப்பாவின் பெயர் அவனுக்கு இருக்கலாம், அப்பாவின் விழுமியங்களோ பார்வையோ தீர்ப்புத்திறனோ அவனிடம் இல்லை என்று. சொந்தத் தம்பியை, அண்ணனை, ஊரறியச் சொல்வது எவ்வளவு கனமான காரியம்! குடும்பத்துக்கு இருந்த துணிவு கட்சிக்கு இருந்திருக்க வேண்டாமா? 2024 ஆகஸ்ட் 23 அன்று அவர் ட்ரம்ப்பை ஆதரித்தார். 2025 பிப்ரவரியில் செனட்டில் 52க்கு 48 வாக்கில் சுகாதாரத் துறைச் செயலர் ஆனார். ஜூனில், தடுப்பூசிகள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரேயடியாக நீக்கினார். பிரைமரி மேடையில் அவரைத் தோற்கடித்திருந்தால் இவை நடந்தே இருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தோற்கடிக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தது, அதை நீங்கள் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

எங்கள் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2024 செனட் பிரைமரிக்கு அப்போதைய ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபி நின்றார். பல மாவட்டக் கட்சித் தலைவர்கள் அவசரமாக அவர் பின்னால் நின்றார்கள். வாக்குச்சீட்டில் கட்சி ஆதரவு பெற்றவர்களை ஒரே வரிசையில் அடுக்கிவைக்கும் கவுன்ட்டி லைன் என்ற எங்கள் ஊர்ப் பழக்கம் அவருக்குக் கைகொடுக்க இருந்தது. அவரை எதிர்த்து நின்ற ஆண்டி கிம் நீதிமன்றம் போனார். மார்ச் 24 அன்று டாமி மர்ஃபி விலகினார். சில நாளில் கூட்டாட்சி நீதிபதி அந்த வரிசை முறைக்கே தடை போட்டார். கிம் வென்று இன்று செனட்டர். கதவு திறந்ததால் கட்சி உடைந்துவிடவில்லை. நல்ல வேட்பாளர் கிடைத்தார்.

தமிழனாக ஒன்றும் சொல்ல வேண்டும். கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். எங்கள் வீடுகளிலும் அந்த மகிழ்ச்சி இருந்தது. 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகியபோது நவம்பர் தேர்தலுக்கு நூற்றுச் சொச்சம் நாளே மீதி. பைடனுக்குப் பதிலாக நின்ற ஹாரிஸின் பெயர் அந்த ஆண்டின் எந்தப் பிரைமரியிலும் அதிபர் வேட்பாளராக இருந்ததில்லை. வாக்காளர் தேர்ந்தெடுத்த வேட்பாளர் என்ற பலம் இல்லாமல் அவரைக் களத்துக்கு அனுப்பினோம். போட்டியிட்டு வென்று வரும் வாய்ப்பை அவருக்கும் நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. பதவியில் இருக்கும் அதிபரே போட்டியிட்டாலும், வரையறுத்த அளவு ஆதரவைக் கருத்துக்கணிப்பிலும் நன்கொடையாளர் எண்ணிக்கையிலும் காட்டும் எவரோடும் அவர் குறைந்தது இரண்டு விவாதங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதுங்கள். ஒற்றைப் பெயரை மட்டும் அனுப்பிப் பிரைமரியை இல்லாமல் ஆக்கும் மாநிலக் கட்சிக்கு மாநாட்டுப் பிரதிநிதிகளைக் குறையுங்கள். போட்டி தொடங்கிய பிறகு தேசியக் குழு யாருக்கும் ஆதரவுத் தீர்மானம் போடக்கூடாது. 1968 சிகாகோ மாநாட்டுக்குப் பிறகு மெக்கவர்ன், ஃப்ரேஸர் தலைமையில் அமைந்த ஆணையம் பிரைமரிகளுக்கு உண்மையான அதிகாரம் தந்தது. 2016இல் கிளின்டன், சாண்டர்ஸ் போட்டி விட்டுச்சென்ற கசப்புக்குப் பிறகு, கட்சிப் பொறுப்பில் இருப்பதாலேயே மாநாட்டில் வாக்குப் பெறும் சூப்பர் டெலிகேட்டுகளின் முதல் சுற்று வாக்கை நீங்களே கட்டுப்படுத்தினீர்கள். செய்ய முடியாததை நான் கேட்கவில்லை.

இப்போதே எழுதுங்கள். 2028இல் உங்கள் பக்கத்தில் பதவியில் இருக்கும் அதிபர் யாரும் இல்லை. இந்த விதி யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று இன்று ஒருவராலும் கணக்குப் போட முடியாது. நீங்கள் அந்தத் தேர்தலில் வென்றால், 2032க்குள் வெள்ளை மாளிகையிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். அதன் பிறகு உங்களால் இதை எழுத முடியாது.

இப்படிக்கு,
உங்கள் கட்சியின் நியூ ஜெர்சி வாக்காளர் ஒருவர்