சிறை மருத்துவமனைகளில் மருந்துக் கணக்கையும் சிகிச்சைப் பதிவையும் இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
சிறைவாசிகளின் வழக்குகளிலும் சிகிச்சையிலும் பணியாற்றும் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், மருந்தாளுநர்கள்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சிறை மருத்துவமனைகள் – மருந்து இருப்பு, சிகிச்சைப் பதிவேடுகள், வெளி மருத்துவமனைக்கான வழிக்காவல் – முறைகேடுகளைத் தடுக்க ஆணைகள் பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறையில் இருப்பவர் தானாக டாக்டரைத் தேடிப் போக முடியாது. மாத்திரை வாங்க முடியாது. இரவில் நெஞ்சு வலித்தால் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று காவலரைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை அவரைப் பொறுத்தவரை முழுக்க அரசின் கையில் இருக்கிறது. ராமமூர்த்தி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சிறைகளின் ஒன்பது பெரிய குறைகளைப் பட்டியலிட்டபோது, உடல்நலப் புறக்கணிப்பையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது.

சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் அதை மனித உரிமைப் புகார் என்கிறோம். மருந்துக் கணக்கு இடித்தால் அதைத் தணிக்கைக் குறிப்பு என்கிறோம். இரண்டும் தனித்தனி மேசைக்குப் போய்விடுகின்றன. ஆனால் இரண்டுக்கும் இடம் கொடுப்பது ஒரே ஓட்டைதான்: கிடங்கிலிருந்து கழிக்கப்பட்ட மாத்திரை எந்த நோயாளிக்குப் போனது என்று காட்டும் பதிவு இல்லாமை.

இருப்புப் பதிவேட்டில் 'வார்டுகளுக்கு வழங்கியது – 500' என்று ஒரே வரியில் கழித்துவிட்டால் கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். அதில் 300 யாருக்கும் போய்ச் சேராவிட்டாலும் தணிக்கையாளரால் கண்டுபிடிக்க இயலாது. மாத்திரை அட்டையைக் கத்தரித்து இரண்டு மூன்றாகக் கொடுப்பது இன்னொரு சிக்கல். தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் போய்விட்டால் கையில் இருப்பது காலாவதியானதா என்று சிறைவாசிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. தரமற்றது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவிக்கும் தொகுதியைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

உள்ளூர்க் கொள்முதலில் பார்க்க வேண்டிய அறிகுறிகள் தெளிவானவை. தொகுதி எண் இல்லாத பில், மருந்து வழங்கிய நாளுக்குப் பிந்தைய தேதியில் பில், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய தொகைக்குக் கீழே அடங்கும்படி ஒரே தேவையை உடைத்துப் போட்ட பில்கள். சிறப்பு மருத்துவர் வந்து பார்த்ததாக எழுதப்படும் வருகைகளைச் சோதிக்கப் புது ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பிரதான வாயில் பதிவேட்டில் பெயரும் நேரமும் ஏறாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. அதையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். இந்த ஒப்பீட்டை மாதந்தோறும் கட்டாயமாக்க வேண்டும் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகக் கேட்கிறோம்.

மருந்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது நோய்க்கு நோய் மாறும். காசநோய்க்கு வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை இடையில் அறுந்தால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி, நெரிசலான அறையில் மற்றவர்களுக்கும் பரவும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிரே போகலாம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது நேரம். உணவு மாலையிலேயே கொடுக்கப்பட்டு லாக்-அப் ஆகிவிடும் இடத்தில், ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி தவறினால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் அதைத் தூக்கம் என்றே நினைப்பார். எனவே இன்சுலின் போடுபவர்களின் பட்டியலும் குளுக்கோஸும் இரவுக் காவலரிடம் இருக்க வேண்டும்.

அடுத்தது வழிக்காவல், அதாவது சிறைவாசியை வெளியே அழைத்துச் செல்லும் காவல். அரசு மருத்துவமனையில் தேதி கிடைத்தும் ஆயுதப்படைக் காவலர் ஒதுக்கப்படாததால் சிறைவாசி போக முடியாமல் போனால், அதைக் 'காவல் இல்லை' என்றே பதிய வேண்டும். 'செல்ல மறுத்தார்' என்று எழுதுவது பொய்ப் பதிவு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 201-ஆவது பிரிவுவரை (தீங்கு செய்யும் நோக்கில் அரசு ஊழியர் தவறான ஆவணம் எழுதுவது) செல்லக்கூடிய விஷயம். உண்மையாகவே மறுத்தால் சிறைவாசியின் கையொப்பம் அல்லது கைரேகையும், விளைவை எடுத்துச் சொன்னதாக மருத்துவரின் குறிப்பும் வேண்டும். தவறிய ஒவ்வொரு தேதியையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அன்றே தெரிவிக்கக் கோருகிறோம்.

நோயே இல்லாதவருக்குப் படுக்கை கிடைப்பதும், நோயாளிக்குக் கிடைக்காததும் ஒரே முறைகேட்டின் இரு பக்கங்கள். நோயுற்றவருக்கு ஜாமீன் வழங்க குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 480 இடம் தருகிறது. அங்கே நீதிமன்றம் நம்புவது சிறை மருத்துவரின் அறிக்கையைத்தான். தெரிந்தே பொய்ச் சான்று தருவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 234-இன் கீழ் குற்றம். அதே வேளையில், நேர்மையாக எடுத்த மருத்துவ முடிவுக்காக ஒரு டாக்டர்மேல் வழக்குப் போட்டால் அடுத்தவர் எந்த நோயாளியையும் வெளியே அனுப்பத் தயங்குவார். மருத்துவ முடிவை மருத்துவர் அல்லாதவர் மாற்றக் கூடாது என்று சிறைவாசிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 27-ஆவது விதி சொல்கிறது. ஆகவே சிறை மருத்துவரின் விடுப்பு, பணி மதிப்பீடு ஆகியவை கண்காணிப்பாளரிடம் இல்லாமல் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமே இருக்க வேண்டும்.

சிறைகள் சட்டம் 1894, பிரிவு 24 உள்ளே வரும் நாளில் உடல்நிலையையும் காயங்களையும் பதியச் சொல்கிறது. பிரிவு 15 இறப்பின்போது நோயின் போக்கை எழுதச் சொல்கிறது. நடுவில் உள்ள நாட்களின் தாள்கள் இல்லாவிட்டால் இவ்விரண்டுக்கும் பயனில்லை. காவலில் மரணம் நேர்ந்தால், தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல் போகும்போதே, கேஸ் ஷீட், மருந்து வழங்கிய பதிவேடு, வாயில் பதிவேடு ஆகியவற்றின் நகல்களை முத்திரையிட்டு விசாரணை நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்க ஆணையிட வேண்டும். தாமதமானால் மை மாறும், பக்கம் மாறும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 103 கேட்கும், சிறையில் மனநோயுள்ளவர் எவரும் இல்லை என்ற காலாண்டுச் சான்றை, மனநல மருத்துவர் நேரில் பரிசோதித்த பின்னரே அனுப்ப வேண்டும்.

மருந்தை இனி நோயாளி வாரியாக, தொகுதி எண்ணுடன் பதிந்து, முழு அட்டையாகவோ பெயரும் காலாவதித் தேதியும் எழுதிய உறையிலோ வழங்க உத்தரவிடுங்கள். விடுதலையாகிறவருக்குச் சிகிச்சைச் சுருக்கமும் குறைந்தது ஒரு வார மருந்தும் தர வேண்டும். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் கோரிக்கைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 48 மணி நேரத்தில் பதில் தரப் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

கணக்கில் மோசடி தெரிந்தால் துறை விளக்கம் கேட்பதோடு நிறுத்தாமல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கு அனுப்புங்கள். ஊழல் தடுப்புச் சட்டம் பிரிவு 17ஏ-யின்படி விசாரணைக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் இடங்களில், சட்டம் தரும் மூன்று மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். புகார் சொன்ன சிறைவாசியை, விசாரணை முடியும்வரை, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்காமல் வேறு சிறைக்கு மாற்றக் கூடாது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

நகல்: அரசுச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, சென்னை – 600 009.