இருசக்கர வாகனம் பழுதுபார்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தொழில் தோழர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா, வார விடுமுறை, கழிவு ஆயில் சேகரிப்பு எல்லாம் சென்ற ஆண்டு முடிவுப்படியே நடந்தன. மாதக் கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது ஒன்றைத்தான்: நம் பட்டறையிலிருந்து போகும் வண்டியில் குறை இருந்து, அதனால் ஒருவருக்கு மண்டையோ முதுகெலும்போ உடையக் கூடாது.

“முன் பிரேக்கை லூஸ் பண்ணிவிடுங்கண்ணே, பிடிச்சா தூக்கிப் போடுது” என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. கேட்டபடி செய்து கொடுப்பதுதான் ஆபத்து. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பின் சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் லாக் ஆகி வழுக்கும், வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். 50 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறோம்.

தூக்கிப் போடுவதற்குக் காரணம் வேறு. டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் கிண்ணம்) ஓவல் ஆகியிருக்கும், ஷூவில் (டிரம்மின் உட்புறத்தை உரசி நிறுத்தும் கட்டை) கிரீஸ் பட்டிருக்கும், கேம் (ஷூவை விரிக்கும் துண்டு) இறுகியிருக்கும், அல்லது ஹேண்டில் திரும்பிய நிலையில் மணல்மேல் சட்டென்று பிடித்திருப்பார்கள். டிரம்மைக் கழற்றித் துடைத்து (காற்றடிக்க வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு), கேமுக்குத் துளி கிரீஸ் மட்டும் வைத்து, லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம்) விடுங்கள். பெரும்பாலான டிரம் வண்டிகளுக்கு இது பொருந்தும். மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. முழுதாகப் பிடிக்கும்போது பிரேக் பிளேட்டின் அம்புக்குறி கோட்டைத் தொட்டால் ஷூ மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க் வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, லிவரை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்தது சேலை கார்டு. மோட்டார் வாகன விதி 123-இன்படி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும். அழகுக்காகக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் நொடியில் கழுத்தை இறுக்கித் தலைகீழாகக் கீழே தள்ளும். அந்த நிலையில் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு நிற்காமல், எஞ்சினை அணைத்து, கழுத்தருகே துணியை அறுக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் பட்டையைப் போடாதவர்களே நம் கவலை. பட்டை போடாத ஹெல்மெட், தலை தரையைத் தொடுமுன் கழன்று போகும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. உள்ளே உள்ள தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. அடி வாங்கிய ஹெல்மெட்டைப் பெயின்ட் அடித்துத் தரக் கேட்டால் தர வேண்டாம். விபத்தில் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஹெல்மெட் சுமார் 69 சதவீதமும், இறப்பைச் சுமார் 42 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலுதவிப் பயிற்சியில் படித்ததை மறக்க வேண்டாம். மூச்சுத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள். தீ, எதிரே வரும் வண்டி போன்ற ஆபத்து இல்லாதபோது, அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கி ஏற்றாமல் 108 வரும்வரை கழுத்தை அசையாமல் தாங்குங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸைத் தொடக் கூடாது. வழக்கு வருமென்று அஞ்ச வேண்டாம்: நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள “நம்மைக் காக்கும் 48” திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானம்: எந்த வேலைக்கு வந்த வண்டியானாலும் முன் பிரேக், டயர் தேய்மானம் (டயர் பட்டனின் உயரம் 0.8 மி.மீ.க்குக் கீழ் போகக் கூடாது), கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியின் பேரிங்), பின் விளக்கு, சேலை கார்டு ஆகிய ஐந்தையும் கட்டணமின்றிப் பார்த்து, குறையைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்