தாத்தாவின் வாழைமர நோட்டு: ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

ஜப்பானியரின் ரயில்பாதை வேலைக்காக மலாயாவிலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோகப்பட்ட தாத்தா, அங்கிருந்து கொண்டுவந்தவை விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் ஒரு பத்து வெள்ளி (டாலர்) நோட்டும்தான். ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் புழங்கிய வாழைமர நோட்டு. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. தாத்தா ஏனோ அதை எறியவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. சென்ற மாதம் அந்த நோட்டு ஒரு வகுப்பறை மேசையில், பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, இருந்தது. அதற்குத் துணைநின்ற உங்களுக்கு இந்த மடல்.

பழைய ஆவணங்களைப் பேணும் பணியிலிருக்கும் அக்கா, நீங்கள் தடுத்திராவிட்டால் நான் அதை லேமினேட் செய்து பாழாக்கியிருப்பேன். சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது என்று விளக்கினீர்கள். அமிலமில்லாத உறை தந்தீர்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு நகல் எடுக்கச் சொன்னீர்கள். மடிப்புகளை நீக்கலாமா என்று நான் கேட்டபோது, "மடித்தவர் உங்கள் தாத்தா அல்லவா? இருக்கட்டும்" என்றீர்கள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னோடு வந்தது.

ஒலிநாடாவைப் பத்திரமாக வைத்திருந்த சித்தப்பாவுக்கும், இரவுகளில் விழித்திருந்து அதை எழுத்தில் இறக்கிய தம்பிக்கும் நன்றி. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றியது, சரக்கு வண்டியில் தாய்லாந்தின் பான் போங் சேர்ந்தது, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தது, மழையில் மண் சுமந்தது எல்லாம் தாத்தாவின் குரலில் இருக்கின்றன. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதி பரவிய முகாமைப் பற்றிச் சொல்லும்போது தாத்தா நிறுத்திவிடுகிறார். தம்பி அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறான். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுத்த ஆசிரியைக்கும் நன்றி.

பிள்ளைகளே, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். "தாத்தாவோடு போனவர்களின் பெயர் என்ன?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அவர் மடியில் வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசையாக உறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அதே பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி வரிசைகள் இல்லை. தாத்தா ஒலிநாடாவில் ஏழு பேரைச் சொல்கிறார். நான் வாசித்தேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஐந்தாவது பெயரில் வருவது ரகரமா, றகரமா என்று அந்தச் சிறுமி கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தம்பியும் நானும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அம்மா. தெரிந்ததும் எழுதுகிறேன்.

நன்றியுடன்,
அவருடைய பேத்தி