எடைக்குப் போன ரிஜிஸ்டர்கள்: மில் நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கோவையில் எங்கள் பழைய மில்லின் இடத்தை இப்போது கையில் வைத்திருக்கும் நிர்வாகத்தார் அவர்களுக்கு,

வணக்கம். மில் ஏன் மூடியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைக் கிளற வரவில்லை. டைம் ஆபீஸில் மிச்சமிருக்கும் தொழிலாளர் சம்பள ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

போன வாரம் பையனின் பழைய நோட்டுகளைப் போட பேப்பர் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் துணி அட்டை போட்ட நீள ரிஜிஸ்டர் ஒன்று கிடந்தது. புரட்டினால், எங்கள் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் டிபார்ட்மென்ட் சம்பளப் பட்டியல். டோக்கன் நம்பர், பெயர், எதிரே பெருவிரல் ரேகை. அந்தப் பக்கத்தில் பதினெட்டுப் பெண்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். நான்காவது பெயர் என் அம்மிச்சியுடையது, அம்மாவைப் பெற்றவள். ரேகையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு குறுக்காக ஓடுகிறது. நூல் அறுத்த தழும்பு. எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த இடம் மட்டும் சொரசொரவென்று உரசும். வீட்டில் அம்மிச்சியின் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கியது.

"அது ஒண்ணு வேணும்னா எடுத்துக்கங்க. மத்ததெல்லாம் காலைலயே லோடு ஏறிருச்சுங்க, ரெண்டு டெம்போ" என்றார் கடைக்காரர்.

கோவையின் கதையை மேடையில் சொல்லும்போது 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை வந்ததையும், 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரத்தால் மில்லுக்கு மேல் மில் முளைத்ததையும் சொல்கிறார்கள். முதலாளிமார் பெயரில் கல்லூரிகள் இருக்கின்றன, இருக்கட்டும். தொழிலாளியின் பெயர் ஊருக்குத் தெரியவேண்டுமானால் தூக்கில் தொங்கவேண்டும் போலிருக்கிறது. 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரையும் வருஷம் தவறாமல் நினைக்கிறோம். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கிவிட்டுப் படுக்கையில் செத்தவர்களுக்கு அந்த ரிஜிஸ்டரை விட்டால் வேறென்ன இருக்கிறது?

உங்கள் அடுக்குமாடி விளம்பரத்தில் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அசல் மான்செஸ்டரில் 1830-ல் திறந்த ரயில் நிலையத்தையே அருங்காட்சியகமாக்கிப் பஞ்சாலை மிஷின்களை வைத்திருக்கிறார்கள். நம் மான்செஸ்டரில் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்து லைட் போடப்போகிறீர்களாம். செல்ஃபி எடுக்க வசதிதான். மாவாட்டும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கத் தெரிந்த ஊருக்கு, தொழிலாளியின் ரிஜிஸ்டரைக் காப்பாற்றத் தெரியாதா!

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை இடிப்பது உங்கள் விருப்பம். இடிக்கும் முன் ஒரே ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுங்கள். ரிட்டயர் ஆனவர்கள் நாலைந்து பேரும் நானும் வருகிறோம். சாக்கும் வண்டியும் எங்களுடையது. பேப்பர் கடையில் கிலோவுக்கு என்ன கொடுத்தார்களோ அதையே நாங்களும் தந்துவிடுகிறோம். ரிஜிஸ்டர்களை மட்டும் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். போன தடவை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவரும் எங்கள் மில்லில் லீவு போட்டவர்களுக்குப் பதிலியாக ஓடியவர்தான். மீதமிருக்கும் ரிஜிஸ்டர் கட்டுகளில் அவர் பெயரும் இருக்கும்.

இப்படிக்கு,
ரீலிங் டிபார்ட்மென்ட் தொழிலாளி ஒருவரின் பேத்தி