பள்ளி மண்டபத்தில் விற்ற மாத்திரைப் புட்டி: பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன் நம் பள்ளி மண்டபத்தில் நடந்த குடும்ப நல நாளைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அந்த விற்பனையாளரை அழைத்தவர்களும் மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர்களும் நீங்கள்தாம். பி வைட்டமின் மாத்திரை காதுத் தொற்றை வேரோடு நீக்கும் என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னபோது முன்வரிசையில் அமர்ந்திருந்தீர்கள். புட்டிக்கு 60 மாத்திரை, விலை 68 ரிங்கிட், அதில் 5 ரிங்கிட் பள்ளி நிதிக்கு. மறுநாள் காலை அதே செய்தி சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் வந்தது. அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். யார் மேலும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள இதை எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான். பி வைட்டமின் காதுத் தொற்றைக் குணப்படுத்தாது என்றும், காதில் சீழ் வடியும் பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சங்கத்தின் பெயரில் அதே புலனக் குழுவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பள்ளி வளாகத்தில் இனி மருந்து மாத்திரை விற்க எவருக்கும் இடம் தராதீர்கள்.

என் பேரன் இரண்டாம் ஆண்டில் படிக்கிறான். மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை செய்கிறாள். மருமகன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மகளுக்கு அந்த மாதத்து வருகைப் படி முழுவதும் போய்விடும். கிளினிக்கில் ஒரு காலைப்பொழுது காத்திருப்பதைவிடப் புட்டி எளிதாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். பையனுக்குச் சளி பிடித்து இடது காது வலித்தது. அன்றே மாத்திரையைத் தொடங்கினோம். மூன்றாம் நாள் இரவு அலறி அழுதவன் விடிவதற்குள் அயர்ந்து தூங்கிப்போனான், வலி நின்றுவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது என்று நான்தான் வீட்டில் அறிவித்தேன். உள்ளே தேங்கிய சீழின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்ததால்தான் வலி நின்றது என்பதைப் பின்னர் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு ஆறு வாரம். ஒவ்வொரு காலையும் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். என் மனைவி அதை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போடுவார். மறுநாளும் அதே இடத்தில் அதே வட்டம். வாடை வெளியே தெரியாதிருக்கப் பஞ்சு வைத்துப் பள்ளிக்கு அனுப்பினோம், அதுவும் தவறு என்று அறியாமல். ஒரு நாள் சொல்வதெழுதுதல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆசிரியை கடை என்று சொல்லியிருக்கிறார், இவன் படை என்று எழுதியிருக்கிறான். தாள் என்பது பால் ஆகியிருந்தது, தட்டு பட்டாகியிருந்தது. பத்துக்கு மூன்று மதிப்பெண். கீழே சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’. ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலையும் அவனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன்.

அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் அவர்கள் செய்தது மிக எளிய காரியம். சீழை உறிஞ்சியெடுத்துக் காதைச் சுத்தம் செய்தார்கள்; சிப்ரோஃப்ளோக்ஸாசின் சொட்டு மருந்து கொடுத்தார்கள்; காதில் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். மூன்று வாரத்தில் காது உலர்ந்தது. செவிப்பறையில் ஓட்டை இன்னும் இருக்கிறது, கேட்கும் திறனைச் சோதிக்க நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தாலே அதை நாட்பட்ட நோயாகக் கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நாங்கள் அதைப்போல் மூன்று மடங்கு காத்திருந்தோம். முற்றவிட்டால் காதுக்குப் பின்னுள்ள எலும்பையும் மூளையையும்கூடத் தொற்று எட்டலாம் என்று மருத்துவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி வைட்டமின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. அதன் அருமையை உலகம் அறிந்த கதையில் இந்த மண்ணுக்கும் பங்குண்டு. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் பரவியது. புழுங்கல் உண்டவர்கள் தப்பினார்கள். புழுங்கல் சோறு உண்ட நம் தோட்டத்துத் தமிழர்களிடம் அந்நோய் அரிதாக இருந்ததை அக்கால மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. பி1 குறைந்து வந்த நோயை பி1 தீர்த்தது, அவ்வளவுதான். காதுத் தொற்று சத்துக் குறைவால் வருவதன்று. சளி பிடித்த பிள்ளையின் மூக்கு, தொண்டைப் பகுதியிலிருந்து கிருமிகள் நடுக்காதுக்கு ஏறுகின்றன. அங்கே செல்லும் குழாய் சிறுவர்களுக்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் அவர்களையே அதிகம் பிடிக்கிறது. பி12 குறைவுக்கும் காதிரைச்சலுக்கும் தொடர்புண்டா என்று ஆராய்கிறார்கள் என்பது உண்மையே. அது உள்காதையும் நரம்பையும் பற்றிய கேள்வி. காது நரம்புக்கு நல்லது என்ற ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்காதுச் சீழுக்கும் அதையே விற்றுவிட்டார் உங்கள் விருந்தினர்.

மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளின் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அது நச்சு வெளியேறும் அடையாளம் என்றும் அவர் சொன்னார். மண்டபமே கை தட்டியது. உடல் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய பி2தான் அப்படி நிறம் காட்டுகிறது. ஆக, 68 ரிங்கிட்டின் ஒரு பகுதி கழிப்பறைக்குள் போவதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம்.

புட்டியில் பதிவெண் இருக்கிறதே என்று செயலவையில் ஒருவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. அது சத்துணவுப் பொருளாகப் பதிவான எண். நோயைக் குணமாக்கும் என்று சொல்ல அது அனுமதி தராது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், சில நோய்களைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அச்சட்டம் தரும் நோய்களின் அட்டவணையில் காது கேளாமையும் உண்டு. ‘மந்தமான காதும் திறக்கும்’ என்று எழுதிய பதாகையைப் பள்ளி வாசலில் கட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் கேட்கும் பழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது? கோயில் மண்டபமானாலும் பள்ளி மண்டபமானாலும், மேசைக்கு வாடகை கொடுத்து, நம் மொழியில் நாலு வார்த்தை இனிக்கப் பேசுபவர் மருத்துவராகிவிடுகிறார். போன மாதம் காந்தப் படுக்கை, இந்த மாதம் மாத்திரை, அடுத்த மாதம் எதுவோ. புட்டி விற்ற பணத்தில் மண்டபத்துக்கு இரண்டு மின்விசிறி வந்திருப்பதாக அறிகிறேன். நன்றாகச் சுழல்கின்றன. அவற்றின் சத்தம் என் பேரனைத் தொந்தரவு செய்யாது, அவன் அமரும் இடத்தில் அவை அவனுடைய இடது காதுப் பக்கம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கற்றல் உபகரணங்களுக்கும் இலவச வகுப்புகளுக்கும் நீங்கள் அலைந்த அலைச்சலை இந்த வட்டாரம் அறியும். உங்கள் பெயரைப் பார்த்தே நான் வாங்கினேன் என்பதில் அந்த மதிப்பும் அடங்கியிருக்கிறது. ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: அந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். அடுத்த நல நாளுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளைகளின் காதைச் சோதிக்க ஆள் கேளுங்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் ஏற்கிறேன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது பழகிய வேலை.

என் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். புட்டியில் இன்னும் 18 மாத்திரைகள் இருக்கின்றன. அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு அதையும் அந்தச் சொல்வதெழுதுதல் நோட்டையும் எடுத்துவருகிறேன். அதற்கு முன் திருத்தம் புலனக் குழுவில் வந்துவிட்டால், நோட்டை மட்டும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாத்தா,
பிறை, பினாங்கு.