ஒரே சுரப்பியில் இரண்டு நோய்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கழுத்துத் தழும்பு மங்கிவிட்டது. சொல்லாமல் விட்ட நன்றி மட்டும் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. ஆளுக்கொரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உங்களில் பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் எல்லோருக்குமாக இந்த ஒரே மடல்.

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி இருப்பது 11 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே தைராய்டைப் பகையாக நினைத்து அரித்துவிடும் நோய் அது. காலையில் வெறும் வயிற்றில், குறையும் ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரை, அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் என்று இருந்தேன். கழுத்தின் இடப்பக்கம் ஏதோ தடிப்பாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, "இந்த நோயில் சுரப்பி அப்படித்தான் வீங்கும்" என்று ஒரு மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே ஓராண்டு போய்விட்டது.

அக்கா, முதல் நன்றி உனக்கு. நான் தலையை நிமிர்த்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த நீ, "விழுங்கும்போது உன் கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது" என்றாய். நான் பழைய பதிலையே சொன்னேன். நீ கேட்கவில்லை. மறுநாளே ஸ்கேனுக்கு அழைத்துப்போனாய்.

ஸ்கேன் எடுத்த மருத்துவர் அவர்களே, அழற்சியில் நைந்துபோன சுரப்பி திரையில் எங்கும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும் என்பதையும், அதற்குள் ஒரு கட்டியைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். நீங்கள் ஓரிடத்தில் கையை நிறுத்தினீர்கள். "எச்சில் விழுங்குங்கள். இன்னொரு முறை." கழுத்தில் தடவிய குளிர்ந்த களிம்பு காய்ந்துவிட, மறுபடியும் தடவினீர்கள். வெளியே வரிசை நீண்டிருந்தது, நீங்கள் அவசரப்படவில்லை. 14 மில்லிமீட்டர்க் கட்டி. அகலத்தைவிட உயரம் கூடுதல், ஓரம் ஒழுங்காக இல்லை, உள்ளே மணலைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். "ஹாஷிமோட்டோ என்று இதை விட்டுவிட வேண்டாம், ஊசிப் பரிசோதனை அவசியம்" என்று அறிக்கையில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?

நோய்க்கூறியல் மருத்துவர் அவர்களே, உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஹாஷிமோட்டோவில் சாதாரணத் தைராய்டு அணுக்களே உருமாறி, புற்றணுக்களைப்போலத் தோற்றம் காட்டி ஏமாற்றுமாம். அதனால் ஊசியில் எடுத்த என் அணுக்கள் இருந்த கண்ணாடித் தகட்டை இன்னொரு மருத்துவருக்கும் காட்டிய பிறகே கையெழுத்திட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்று. முடிவு வரக் கூடுதலாக ஆன இரண்டு நாட்களில் நான் உங்களை மனத்துக்குள் எவ்வளவோ கடிந்துகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி, ஹார்மோன் சுரப்பிகளைக் கவனிக்கும் என் உட்சுரப்பியல் மருத்துவருக்கு. டாக்டர், அன்று உங்கள் எதிரே நான் வைத்தது நோயை அல்ல, ஒரு குற்ற உணர்வை. இடையில் எட்டு மாதம் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறிக் கிடந்தது. "நான் விட்டதனால்தான் புற்று வந்ததா? ஹாஷிமோட்டோதான் இப்படி ஆகிவிட்டதா?" என்று அழுதேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். நீங்கள் அறிக்கைத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பெரிய வட்டமும் அதற்குள் ஒரு சிறிய வட்டமும் வரைந்தீர்கள்.

சிறிய வட்டம், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள். வெட்டியெடுத்த சுரப்பிகளில் இந்த இரண்டு நோயும் சேர்ந்திருப்பதை 1955-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள் என்றீர்கள். ஆனால் கத்திவரை வருபவர்கள் ஏற்கெனவே சந்தேகத்துக்கு உள்ளானவர்கள். பெரிய வட்டத்தில் இருப்பவர்களை, ஊசிப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொடர்பு அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதில்லை. ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால், சிறு கட்டிகள் கண்ணில் படுவதும் அதிகம். ஓயாத அழற்சி அணுக்களின் மரபுப்பொருளைக் கெடுக்கலாம், உயர்ந்த டி.எஸ்.எச். அணுக்களை வளரத் தூண்டலாம். புற்றைக் கண்டுதான் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டன என்றும் இருக்கலாம். எது முந்தியது என்பது இன்னும் விவாதமாகவே இருக்கிறது என்றீர்கள்.

"இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன என்றுதான் என்னால் சொல்ல முடியும். ஒன்று மற்றொன்றைக் கூட்டிவந்தது என்று சொல்ல முடியாது. ஆயிரம் பேரின் கணக்கை உங்கள் ஒருவர் தலையில் சுமத்தாதீர்கள்." அன்றிரவுதான் நான் பல நாட்களுக்குப் பிறகு தூங்கினேன். இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்குப் புற்று பெரும்பாலும் சற்று மென்மையாகவே நடந்துகொள்கிறது, கழுத்தின் நிணநீர் நெறிகளுக்குப் பரவுவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுவதையும் சொன்னீர்கள். கூடவே, எச்சரிக்கவும் தவறவில்லை: ஹாஷிமோட்டோ உள்ள வயதானவர்களுக்குக் கழுத்து சில வாரங்களிலேயே மளமளவென்று வீங்கினால், அது தைராய்டில் தோன்றும் லிம்போமா என்ற நிணநீர் அணுப் புற்றாக இருக்கக்கூடும், மிக அரிது, ஆனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இதை நான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

அறுவை சிகிச்சை நிபுணரே, வலப்பக்கத்திலும் ஐயத்துக்குரிய புள்ளி இருந்ததால் சுரப்பியை முழுவதுமாக எடுத்தீர்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்ததைப் பார்த்து நாங்கள் நடுங்கிப்போனோம். எடுத்தனுப்பிய ஏழு நெறிகளிலும் புற்று இல்லை. அழற்சியால் வீங்கியவை மட்டுமே. குரல் நரம்பையும் காத்தீர்கள், என் குரல் எனக்கு அப்படியே இருக்கிறது.

இரவுப் பணியில் இருந்த செவிலியரே, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே மருத்துவரை அழைத்தீர்கள். தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ச்சியில் வேலை செய்யாமல் கால்சியம் இறங்கியிருந்தது. விடியும்வரை என் விரல்களை நீவிவிட்டீர்களே, அதற்கு நன்றி.

ஆய்வகப் பணியாளர்களே, என் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள், புற்று திரும்புகிறதா என்று அறிய உதவும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவைத் தவறாகக் காட்டக்கூடும், அந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று குறிப்பெழுதி அனுப்பியது நீங்கள்தான். இப்போது ஒவ்வொரு முறையும் அதே முறையில் எதிர்ப்பொருளின் அளவையும் பார்க்கிறோம். படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னும் நான்கு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹாஷிமோட்டோ இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது, அவர் ஆராய்ந்தது நான்கு பெண்களின் சுரப்பிகளை. நோய்க்கு அவர் பெயர் வந்தது. அந்த நால்வரை யாருக்கும் தெரியாது. அவர்களை நினைத்துக்கொண்டுதான், என் திசுவை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட படிவத்தில் நானும் கையெழுத்திட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி