திரையில் ஒரு புன்னகை, கூடத்தில் பல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கே.ஆர். விஜயாவைப் 'புன்னகை அரசி' என்றும், பின்னாளில் சினேகாவைப் 'புன்னகை இளவரசி' என்றும் கொண்டாடிய நாம், அந்தப் புன்னகைகளைக் கண்டு மலர்ந்த பார்வையாளர் முகங்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை.

அண்மையில் உறவினர் வீட்டுக் கூடத்தில், 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை மூன்று தலைமுறையினரும் சேர்ந்து பார்த்தோம். நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியில், அதைக் கேட்கும் டி.எஸ். பாலையா சிரிப்பதே இல்லை. அச்சத்தில் அவர் முகம் மாற மாற, இங்கே கூடம் முழுவதும் சிரிப்பு பரவியது. எத்தனையோ முறை தனியே கைப்பேசியில் பார்த்து இலேசாகப் புன்னகைத்த அதே காட்சிக்கு, அன்று பாட்டியின் சிரிப்பைப் பார்த்து நானும் கண்ணீர் வரச் சிரித்தேன் (பாட்டிக்கு வசனம் பாதி காதில் விழவில்லை என்பது வேறு விஷயம்).

உள்ளத்திலிருந்து எழும் புன்னகையில் உதட்டோரங்கள் உயர்வதோடு கண்களைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1862-இல் எழுதினார். முகத்தை நெருக்கத்தில் காட்டும் காட்சியில் நடிகரின் கண்களும் சிரிக்கின்றனவா என்பதை ரசிகர்கள் இந்த விளக்கமெல்லாம் இல்லாமலேயே கண்டுகொள்கிறார்கள்.

திரையரங்க உரிமையாளர்கள் மாதம் ஒரு காலைக் காட்சியையேனும் பழைய நகைச்சுவைப் படங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். பாட்டியை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை